மாதச் சம்பளம் இல்லாதவருக்கு ஓய்வூதியம்: என்பிஎஸ், பிபிஎஃப், அடல் பென்ஷனில் எதை, எப்படித் தேர்ந்தெடுப்பது

சம்பளக்காரருக்கு பிஎஃப் பணத்தைக் கையில் கொடுப்பதற்கு முன்பே பிடித்துவிடுகிறார்கள். அவர் யோசிக்காமலேயே முதுமைக்கு ஒரு தொகை சேர்கிறது. போட்டோகிராஃபர், மொழிபெயர்ப்பாளர், ஒப்பந்தத்துக்கு வேலை செய்யும் டிசைனர், டியூஷன் எடுப்பவர், சிறு கடை நடத்துபவர் ஆகியோருக்கு அந்தப் பிடித்தம் கிடையாது. பிடிப்பதும் அவரே, கட்டுவதும் அவரே. ஒரு மாதம் ஒன்றே கால் லட்சம் வரும், அடுத்த மாதம் பன்னிரண்டாயிரம் வந்தாலே பெரிது.

இப்படிப்பட்டவரிடம் ஓய்வூதியத் திட்டம் விற்க வருகிறவர் முதலில் காட்டுவது 60 வயதில் எவ்வளவு கிடைக்கும் என்ற பெரிய எண்ணைத்தான். அதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு இதைக் கேளுங்கள்: "நான் ஆறு மாதம் கட்டாமல் விட்டால் இந்தத் திட்டம் என்ன செய்யும்?" வருமானம் ஏறி இறங்கும் ஆளுக்கு, பதில் தெளிவாகவும் தண்டனை சிறிதாகவும் உள்ள திட்டமே நல்ல திட்டம். இந்தியாவில் இன்று கிடைக்கும் வழிகளை அந்தக் கேள்வியை வைத்தே பார்ப்போம்.

1. வந்த பணத்தைக் கணக்கிடுங்கள்

கடந்த இரண்டு வருட வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுத்து, மாதாமாதம் உண்மையில் கணக்கில் ஏறிய தொகையை எழுதுங்கள். போட்ட பில்லை எழுத வேண்டாம். பில் போட்ட மாதமும் பணம் வந்த மாதமும் ஒன்றாக இருப்பது நம் தொழில்களில் அபூர்வம். தொழில்முறைக் கட்டணம் என்றால் வாடிக்கையாளர் நிறுவனம் பெரும்பாலும் 10 சதவீதத்தை டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வரியாகப் பிடித்துக்கொண்டுதான் தரும். 80,000 ரூபாய் பில்லுக்கு 72,000 வரும். மீதி 8,000 உங்கள் பான் எண்ணில் வரியாக வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் படிவத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஜிஎஸ்டி வசூலிப்பவர் என்றால் அந்தத் தொகையை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அது உங்கள் பணம் இல்லை.

இதில் உதவியாளர் கூலி, வாடகை, பயணம் போன்ற தொழில் செலவுகளைக் கழித்தபின் இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று, மோசமான மூன்று மாதங்களின் சராசரி. இன்னொன்று, முழு ஆண்டின் மொத்தம். முதல் எண், மாதத் தவணைக்குக் கையெழுத்துப் போடலாமா என்று சொல்லும். இரண்டாவது எண், ஆண்டுக்கு எவ்வளவு சேர்க்க முடியும் என்று சொல்லும். பலரும் "சராசரியாக மாதம் 50,000 வருகிறது" என்று நினைத்துக்கொண்டு 5,000 ரூபாய்த் தவணைக்கு ஒப்புக்கொள்கிறார்கள். 50,000 வராத மாதங்களில்தான் சிக்கல் தொடங்குகிறது.

2. ஓய்வூதியத்துக்கு முன்னால் நிற்கும் செலவுகள்

முதலில் வரி. முன்கூட்டிய வரியின் தேதிகள் ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15. ஆண்டு வரியில் இந்தத் தேதிகளுக்குள் முறையே 15, 45, 75, 100 சதவீதம் கட்டியிருக்க வேண்டும். வரவில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தை லாபமாக வைத்துக் கணக்குக் காட்டும் முறையை (ஆடிட்டர்கள் 'பிரிசம்ப்டிவ்' என்பார்கள்) எடுத்தவர்கள் மார்ச் 15க்குள் ஒரே தவணையாகக் கட்டினால் போதும். வசதிதான், ஆனால் பதினோரு மாதம் அந்தப் பணம் கையில் புழங்கும், நம்முடையது போலவே தோன்றும். அதை ஓய்வூதியக் கணக்கில் போட்டுவிட்டு மார்ச்சில் கடன் வாங்கி வரி கட்டியவர்கள் உண்டு.

அடுத்தது கைக்காவல் பணம். சம்பளக்காரருக்கு மூன்று மாதச் செலவு போதும் என்பார்கள். நமக்கு ஆறு மாதம் வேண்டும். ஓய்வூதியக் கணக்கில் போட்டது எளிதில் திரும்பி வராது என்பதால், இந்தக் காவல் இல்லாமல் அங்கே பெரிய தொகையைப் பூட்டுவது ஆபத்து. கூடவே மருத்துவக் காப்பீடு. கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் அதை அடைத்த பிறகுதான் மற்றதெல்லாம், அந்த வட்டியைத் தாண்டி எந்த ஓய்வூதியத் திட்டமும் சம்பாதித்துத் தராது.

இதெல்லாம் முடியும் வரை ஓய்வூதியத்தைத் தொடாமல் இருக்க வேண்டுமா? வேண்டாம். கணக்கைத் திறந்து, குறைந்தபட்சத் தொகையைப் போட்டு வைத்துவிடலாம். எவ்வளவு சின்னத் தொகை என்பதை அடுத்துப் பார்ப்போம்.

3. கட்டாமல் விட்டால் என்ன ஆகும்

தேசிய ஓய்வூதியத் திட்டம், அதாவது என்பிஎஸ், 2004 ஜனவரியில் மத்திய அரசின் புதிய ஊழியர்களுக்காகத் தொடங்கியது. 2009 மே மாதம் முதல் யார் வேண்டுமானாலும் சேரலாம். பிஎஃப்ஆர்டிஏ என்ற ஒழுங்குமுறை ஆணையத்தின் கண்காணிப்பில் நடக்கிறது. முதன்மைக் கணக்கான டயர் 1-ல் ஒருமுறை கட்டும் தொகை குறைந்தது 500 ரூபாய், ஆண்டுக்கு மொத்தம் குறைந்தது 1,000 ரூபாய். அவ்வளவுதான் கட்டாயம். எந்த மாதம், எத்தனை முறை என்பது உங்கள் இஷ்டம், மேல் வரம்பும் கிடையாது. ஆண்டுக் குறைந்தபட்சத்தைத் தவறவிட்டால் கணக்கு உறைந்துவிடும். உள்ளே இருக்கும் பணம் எங்கும் போகாது, முதலீட்டில் தொடரும். பாக்கியைக் கட்டிக் கணக்கை மீண்டும் உயிர்ப்பிக்கலாம். நம் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் தரும் ஓய்வூதியத் திட்டம் இங்கே இல்லை என்பது என் கருத்து.

குறை எங்கே? போட்டது பூட்டப்படுகிறது. சேர்ந்து மூன்று ஆண்டு ஆனபின், பிள்ளைகளின் படிப்பு, திருமணம், வீடு, கடும் நோய் போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்கு நீங்கள் கட்டிய தொகையில் 25 சதவீதம் வரை எடுக்கலாம். 'கட்டிய தொகையில்' என்பதைக் கவனியுங்கள். 4 லட்சம் கட்டி அது 6 லட்சமாக வளர்ந்திருந்தாலும் 1 லட்சம்தான் எடுக்க முடியும். உரிய காலத்துக்கு முன்பே திட்டத்தை விட்டே வெளியேறினால், சேர்ந்ததில் 80 சதவீதத்தைக் கொடுத்து மாதப் பென்ஷன் வாங்க வேண்டியிருக்கும். தொழிலுக்கு முதல் தேவைப்படும்போது இந்தப் பணத்தை நம்ப முடியாது.

பிபிஎஃப், அதாவது பொது வருங்கால வைப்பு நிதி, பெயரளவில் ஓய்வூதியம் இல்லை. ஆனால் தொழில் செய்பவருக்கு அந்த வேலையைச் செய்யும். ஆண்டுக்குக் குறைந்தது 500, அதிகபட்சம் 1.5 லட்சம். 15 ஆண்டுக் கணக்கு, பிறகு ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்கலாம். வட்டிக்கு வரி இல்லை. விகிதம் 2020 ஏப்ரலில் 7.1 சதவீதத்துக்கு இறங்கி, அங்கேயே பல ஆண்டுகளாக நிற்கிறது. காலாண்டுக்கு ஒருமுறை அரசு மாற்றலாம். ஒரு ஆண்டு கட்டாமல் விட்டால் 50 ரூபாய் அபராதமும் அந்த ஆண்டின் 500 ரூபாயும் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம். சரிசெய்யும் வரை கடன், பகுதித் தொகை எடுக்கும் வசதி இரண்டும் நிற்கும். ஒழுங்காக இருக்கும் கணக்கில் மூன்றாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை கடன் வசதியும், ஏழாம் ஆண்டிலிருந்து பகுதித் தொகை எடுக்கும் வசதியும் உண்டு.

பிபிஎஃப்பில் அதிகம் பேசப்படாத ஒரு பலன் இருக்கிறது. தொழிலில் கடன்பட்டு, கடன் கொடுத்தவர் நீதிமன்றத்துக்குப் போய்த் தீர்ப்பாணை வாங்கினாலும், பிபிஎஃப் இருப்பை ஜப்தி செய்ய முடியாது. சொந்தப் பெயரில் தொழில் நடத்துபவருக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

அடல் பென்ஷன் யோஜனா 2015-ல் வந்தது. 18 முதல் 40 வயது வரை சேரலாம். 60 வயதிலிருந்து மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை, நீங்கள் தேர்ந்தெடுத்த தொகை அரசு உத்தரவாதத்தோடு கிடைக்கும். உங்களுக்குப் பின் கணவர் அல்லது மனைவிக்கும் அதே தொகை தொடரும். 5,000 ரூபாய்ப் பென்ஷனுக்கு 25 வயதில் சேர்ந்தால் மாதம் 376 ரூபாய், 30 வயதில் 577, 40 வயதில் 1,454. 2022 அக்டோபர் முதல் வருமான வரி செலுத்துபவர்கள் இதில் புதிதாகச் சேர முடியாது. கட்டாமல் விட்டால் பாக்கி நிற்கும் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் மாதம் 1 ரூபாய் கூடுதலாகப் பிடிப்பார்கள். மாதத் தவணைக்குப் பதிலாகக் காலாண்டு அல்லது அரையாண்டுத் தவணையை வைத்துக்கொண்டால், நல்ல மாதம் ஒன்றில் பிடித்தம் விழும்படி அமைக்கலாம். இது கூடுதலுக்கு நல்லது, இதை மட்டும் நம்ப முடியாது. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், 30 ஆண்டு கழித்து வரும் 5,000 ரூபாயின் மதிப்பு இன்றைய 870 ரூபாய் அளவுக்குத்தான் இருக்கும்.

மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள் உள்ள அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு 2019-ல் வந்த பிரதமர் ஷ்ரம் யோகி மான்தன் திட்டமும் இருக்கிறது. நீங்கள் கட்டும் அளவே மத்திய அரசும் கட்டும், 60-க்குப் பின் மாதம் 3,000 ரூபாய். தகுதி உள்ளவர்கள் பொதுச் சேவை மையத்தில் விசாரிக்கலாம்.

காப்பீட்டு நிறுவனங்களின் பென்ஷன் பாலிசிகளைப் பற்றி எச்சரிக்கையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆண்டுதோறும் இவ்வளவு பிரீமியம் என்று ஒப்புக்கொள்ளும் வகை, ஏற்ற இறக்க வருமானத்துக்குப் பொருந்தாது. மாதப் பிரீமியம் என்றால் தவணைத் தேதிக்குப் பின் 15 நாள் அவகாசம், மற்ற தவணைகளுக்கு 30 நாள். அதையும் தாண்டினால் பாலிசி காலாவதியாகும். ஆரம்ப ஆண்டுகளில் விட்டால் கட்டியதில் பெரும்பகுதி திரும்பாது. ஒரே பிரீமியத்தில் வாங்கும் வகைக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் அது 60 வயதை நெருங்கும்போது யோசிக்க வேண்டியது. முகவர் தெரிந்தவர், சொந்தக்காரர் என்பதற்காகக் கையெழுத்துப் போடாதீர்கள்.

மியூச்சுவல் ஃபண்டில் எஸ்ஐபி, அதாவது மாதாமாதம் ஒரு குறிப்பிட்ட தொகை போட்டு, முதுமையில் மாதம் ஒரு தொகையாக எடுத்துக்கொள்வதும் ஒரு வழி. எஸ்ஐபியை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். நெகிழ்வில் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஆனால் லென்ஸ் உடைந்தால், பாக்கி வராமல் இழுத்தால், முதலில் கை வைப்பதும் இதில்தான். தன்னைத் தானே கட்டுப்படுத்த முடிகிறவர் மட்டும் இதை ஓய்வூதியம் என்று அழைக்கலாம்.

ஆக, புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது: பிபிஎஃப், என்பிஎஸ் இரண்டு கணக்குகளையும் திறந்துவிடுங்கள். தகுதி இருந்தால் அடல் பென்ஷனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. தொகையை விட்டு, விகிதத்தைப் பிடியுங்கள்

ஒரு கல்யாண போட்டோகிராஃபரை எடுத்துக்கொள்வோம். தையிலும் வைகாசியிலும் முகூர்த்தம் முகூர்த்தமாக வேலை, ஆடியிலும் மார்கழியிலும் கேமராவைத் துடைத்து வைப்பதுதான் வேலை. வீட்டுச் செலவு மாதம் 30,000 ரூபாய். அவர் வைத்துக்கொள்ள வேண்டிய விதி, "30,000 வரை தொடமாட்டேன், அதற்கு மேல் வருவதில் 20 சதவீதம் ஓய்வூதியத்துக்கு, 40 சதவீதம் கைக்காவலுக்கு" என்பது மாதிரி இருக்கட்டும்.

தையில் தொழில் செலவு போக 1,10,000 வந்தது. மேல்மிச்சம் 80,000. அதில் 16,000 ஓய்வூதியத்துக்கு, 32,000 கைக்காவலுக்கு. மீதி 32,000-ல் வரி, கருவிகள், வீட்டின் மற்ற ஆசைகள். ஆடியில் 12,000 வந்தது. ஓய்வூதியத்துக்குப் பூஜ்யம், பற்றாக்குறை 18,000 கைக்காவலிலிருந்து வரும். எந்தக் குற்ற உணர்ச்சியும் தேவையில்லை, விதிப்படிதான் நடந்திருக்கிறது. ஆறு மாதச் செலவு நிரம்பியதும் கைக்காவலின் 40 சதவீதத்தில் பாதியை ஓய்வூதியத்துக்குத் திருப்பிவிடலாம்.

விகிதத்தை உங்கள் எண்களுக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். 20 கனமாக இருந்தால் 10-ல் தொடங்கலாம். ஆனால் பணம் வந்த அன்றே பிரிக்க வேண்டும், மாதக் கடைசியில் மிஞ்சியதைப் பிரிக்கலாம் என்றால் மிஞ்சாது. இதற்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வைத்து, அதற்கு டெபிட் கார்டு வாங்காமல் விடுவது நல்லது. அதில் சேர்வதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பிஎஸ்ஸுக்கும் பிபிஎஃப்புக்கும் தள்ளிவிடுங்கள். பிபிஎஃப்புக்கு மாதத்தின் 5-ம் தேதிக்குள் போடுவது முக்கியம். 5-ம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை உள்ள குறைந்த இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி கணக்கிடுகிறார்கள்.

இன்னொரு சின்ன வேலை. ஒவ்வொரு ஏப்ரல் முதல் வாரத்திலும் என்பிஎஸ்ஸில் 1,000, பிபிஎஃப்பில் 500 போட்டுவிடுங்கள். 1,500 ரூபாயில் இரண்டு கணக்குகளும் அந்த நிதியாண்டு முழுவதும் உயிரோடு இருக்கும். அதன்பின் வருவதெல்லாம் கூடுதல்தான்.

5. என்பிஎஸ் கணக்கைத் திறக்கும்போது

ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம் இருந்தால் இணையத்திலேயே திறக்கலாம். வங்கிக் கிளை மூலமும் முடியும். பிரான் எனப்படும் 12 இலக்க ஓய்வூதியக் கணக்கு எண் கிடைக்கும், வாழ்நாள் முழுவதும் அது ஒன்றுதான். கணக்குப் பதிவேட்டை வைத்திருக்கும் நிறுவனங்கள் மூன்று: புரோட்டியன், கேஃபின்டெக், கேம்ஸ். எதைத் தேர்ந்தெடுத்தாலும் திட்டம் ஒன்றே.

திறந்ததும் 'டி-ரெமிட்' வசதிக்குப் பதிவு செய்யுங்கள். உங்களுக்கென்று ஒரு மெய்நிகர்க் கணக்கு எண் தருவார்கள். வங்கி ஆப்பில் அதைப் பயனாளியாகச் சேர்த்துவிட்டால், பணம் வந்த நாளில் நண்பருக்கு அனுப்புவது போல 500 ரூபாய் முதல் அனுப்பலாம். மாத ஆட்டோ டெபிட்டை விட நமக்கு இதுதான் ஏற்றது. பணமில்லாத மாதத்தில் தவணை திரும்பி வங்கி அபராதம் பிடிக்கும் தொல்லை இல்லை.

டயர் 2 என்ற கூடுதல் கணக்கும் உண்டு, அதில் போடுவதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். டயர் 2-லிருந்து டயர் 1-க்கு மாற்றவும் முடியும், திரும்ப மாற்ற முடியாது. வரிச் சலுகை இல்லை. தொடக்கத்தில் தேவைப்படாது.

முதலீட்டைப் பிரிப்பதில் இரண்டு வழிகள். 'ஆட்டோ சாய்ஸ்' என்றால் வயது ஏற ஏறப் பங்குச் சந்தைப் பங்கு தானாகக் குறையும். அதில் நடுத்தர வகையில் 35 வயது வரை 50 சதவீதம் பங்குகளில் இருந்து, 55 வயதில் 10 சதவீதமாக இறங்கும். 'ஆக்டிவ் சாய்ஸ்' என்றால் நீங்களே பிரிக்கலாம், பங்குகளில் 75 சதவீதம் வரை. 2025 அக்டோபர் முதல் 100 சதவீதம் பங்குகளில் போடும் திட்டங்களும் வந்திருக்கின்றன. ஆனால் பொருளாதாரம் சுணங்கும் ஆண்டில் நம் வேலையும் குறைகிறது, சந்தையும் சரிகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் விழும். ஆகவே சம்பளக்காரர் எடுக்கும் அளவு ரிஸ்க்கை நாம் எடுக்கத் தேவையில்லை. 50-லிருந்து 60 சதவீதத்துக்குள் நிறுத்திக்கொள்வது என் கணக்கு. நிதி மேலாளரை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றலாம், அதனால் அந்தத் தேர்வில் நாள்கணக்கில் திணறாதீர்கள்.

நாமினி பெயரைத் திறக்கும்போதே போட்டுவிடுங்கள்.

6. வரிச் சலுகையை நம்பித் தேர்ந்தெடுக்காதீர்கள்

பழைய வரி முறையில் இருப்பவருக்கு பிபிஎஃப், என்பிஎஸ் எல்லாம் சேர்த்து 1.5 லட்சம் வரை கழிவு உண்டு. என்பிஎஸ்ஸுக்கு அதற்கு மேல் தனியாக 50,000. புதிய முறைக்குப் போய்விட்ட சுயதொழில்காரருக்கு இவை எதுவும் கிடையாது. தொழில் வருமானம் உள்ளவர் சம்பளக்காரரைப் போல ஆண்டுதோறும் முறையை மாற்றி மாற்றித் தேர்ந்தெடுக்கவும் முடியாது. மார்ச் மாதம் "வரி மிச்சம்" என்று வரும் விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டுவதற்கு முன், நீங்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள் என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

7. எடுக்கும் நாளைப் பற்றியும் இப்போதே

2025 டிசம்பரில் என்பிஎஸ்ஸின் வெளியேறும் விதிகள் நமக்குச் சாதகமாக மாறின. அரசு ஊழியர் அல்லாதவர்கள் முன்பு 40 சதவீதத்துக்கு மாதப் பென்ஷன் வாங்கியே ஆக வேண்டும் என்றிருந்தது, இப்போது 20 சதவீதம் போதும். மீதி 80 சதவீதம் வரை மொத்தமாக எடுக்கலாம். சேர்ந்த தொகை 8 லட்சத்துக்குள் என்றால் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம். 85 வயது வரை கணக்கைத் தொடரவும் முடியும். 50 லட்சம் சேர்ந்திருந்தால் 10 லட்சத்துக்குப் பென்ஷன் வாங்க வேண்டும். அன்றைய பென்ஷன் விகிதம் ஆண்டுக்கு 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 5,000 ரூபாய். அந்தப் பென்ஷன் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். மொத்தமாக எடுப்பதில் 60 சதவீதம் வரை வரிவிலக்கு நெடுநாளாக இருக்கிறது. அதற்கு மேல் எடுக்கத் திட்டமிட்டால் அந்த ஆண்டின் வரி விதியைப் பார்த்துக்கொண்டு எடுங்கள்.

நம் தொழிலில் பெரும்பாலானோர் 60-ல் சட்டென்று கடையைச் சாத்துவதில்லை, வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்வோம். அதற்கேற்ப முதலில் பிபிஎஃப்பில் கை வைத்து, என்பிஎஸ்ஸை இன்னும் சில ஆண்டு வளரவிடலாம்.

இடையில் சம்பள வேலைக்குப் போக நேர்ந்தால் புதிதாகக் கணக்குத் திறக்காதீர்கள். அதே பிரான் எண்ணை நிறுவனத்தின் மனிதவளத் துறையிடம் கொடுங்கள். நிறுவனம் தன் பங்காகக் கட்டும் தொகைக்கு, அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை, புதிய வரி முறையிலும் கழிவு உண்டு. திரும்பவும் சொந்தத் தொழிலுக்கு வரும்போது அதே எண்ணில், பழையபடி, பணம் வந்த நாளில் அனுப்பத் தொடங்கலாம்.